பந்தாகத் திரளும் வரிக்கெளுத்தி

பவளத்திட்டு மீன்களைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, வரிக்கெளுத்தி என்னும் கடல்மீன் வாழ்நாள் முழுவதும் திரளாகவே திரியும் என்று கூறுவது முழு உண்மையன்று. பந்துபோல் நெருங்கித் திரண்டு, கடலடி மணலைக் கிளறியபடி உருண்டு நகர்பவை பெரும்பாலும் குஞ்சுகளே. ஏறத்தாழ 32 செ.மீ. வரை வளரக்கூடிய பெரிய மீன்களோ, தனித்தோ சிறு குழுக்களாகவோ பகலில் பாறையிடுக்குகளில் பதுங்கியிருந்து, இரவில்தான் நான்கு இணை மீசைகளால் மணலைத் துழாவி இறால், நண்டு, புழு முதலியவற்றைத் தேடுகின்றன. முதல் முதுகுத் துடுப்பிலும் இரு மார்புத் துடுப்புகளிலும் உள்ள நச்சு முட்களை அக்கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. வலையிலிருந்து இம்மீனைப் பிரித்தெடுப்பவருக்கோ அதுதான் முதல் செய்தி. செங்கடலிலிருந்து சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியிலும் இது பரவிவிட்டதையும் சேர்த்திருக்கலாம்.