வீடியோ எடிட்டிங்குக்கு 64 ஜிபி ரேம் கட்டாயமா?

"64 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) இல்லாத கணினியில் வீடியோ எடிட் செய்யவே முடியாது, முயன்றால் கணினி கெட்டுவிடும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

வீடியோ எடிட் செய்யும் மென்பொருளான அடோபி பிரீமியர் புரோவுக்கு அடோபி நிறுவனமே பரிந்துரைப்பது எச்டி வீடியோவுக்கு 16 ஜிபி, 4கே-வுக்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேல். அவர்களின் இணையதளத்தில் கணினித் தேவைகள் பக்கத்தில் யாரும் பார்க்கலாம்.

ரேம் நிரம்பினால் கணினி கெடாது. மிச்சத் தரவை எஸ்எஸ்டி-யிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ வைத்துக்கொள்ளும்; வேகம் குறையும், அவ்வளவுதான்.

சரி, டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் இடம்) வீடியோ ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது? பல நேரம் காரணம் ரேம் அல்ல. கைபேசிகள் பதியும் எச்.265 (ஒரு வீடியோ சுருக்க முறை) கோப்புகள் மிக இறுக்கமாகச் சுருக்கப்பட்டவை. ஒரு ஃபிரேமை (ஒற்றைப் படத்தை) காட்டவே பக்கத்து ஃபிரேம்களையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். அந்தச் சுமை பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும்தான். பிராக்சி கோப்புகளை (எடிட் செய்வதற்கான இலகுவான நகல்கள்) உருவாக்கி எடிட் செய்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

நீண்ட 8கே வேலை, கனமான எஃபெக்ட்ஸ் என்றால் 64 ஜிபி உண்மையிலேயே உதவும். மற்றவர்கள் எடிட் செய்யும்போதே விண்டோஸில் உள்ள டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ரேம் நிரம்புகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கற்க ஆசைப்படும் மாணவர்களை இந்தச் செய்தி வீணாகப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.