மாமா நடத்திய ஆற்றுப்படை

(திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை, தென்மாதிமங்கலத்திலிருந்து ஏறும் பாதை. ஓய்வு பெற்ற தமிழாசிரியரும், சென்னையில் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கும் அவருடைய மாப்பிள்ளையும் காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். இப்போது மணி ஒன்பது.)

மாப்பிள்ளை: மாமா, சற்று உட்காரலாமா? எனக்காகக் கேட்கவில்லை; உங்கள் முழங்காலை நினைத்துத்தான் கேட்கிறேன்.

மாமா: என் முழங்காலுக்கு 68 வயது, மாப்பிள்ளை, அது இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் மூச்சுதான் அடிவாரம் வரைக்கும் கேட்கிறது.

மாப்பிள்ளை: காலாற நடந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று நேற்று இரவு சொன்னீர்களே, இந்த மலை சுமார் 4,500 அடி உயரம் என்பதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

மாமா: மலைபடுகடாம் என்ற சங்கப் பாட்டில் நவிரமலை என்று வருவது இந்த மலைதான் என்பார்கள். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கூத்தனுக்கு, எங்கே பாசி வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், தினைப்புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும் என்றெல்லாம் 583 அடிகளில் வழி சொல்கிறான். இப்படி வழிகாட்டும் பாட்டுக்குத்தான் ஆற்றுப்படை என்று பெயர்.

மாப்பிள்ளை: அவருக்கு 583 அடியில் மலை முடிந்துவிட்டது. நமக்குத்தான் 4,500.

மாமா: சிலேடை பேச மூச்சு இருக்கிறதல்லவா? எழுந்திருங்கள்.

மாப்பிள்ளை: அந்தக் கூத்தர்களுக்கு வழியில் சாப்பாடு கிடைத்ததா?

மாமா: போகிற இடமெல்லாம் விருந்துதான்! தினைச்சோறு, இறைச்சி, மூங்கில் குழாயில் முற்றிய தேறல். நன்னனைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் போதுமாம்.

மாப்பிள்ளை: நமக்கும் ஒரு தூக்குவாளி புளிச்சோறு இருந்தது. குரங்குக்குப் பயப்படாமல் அதன் கண்ணை நேராகப் பார்த்தால் போய்விடும் என்றீர்கள். அதுவும் உங்கள் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டேதான் மூடியைத் திறந்தது. வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு, மிளகாய் வற்றலை மட்டும் என் மடியில் வைத்துவிட்டுப் போனதை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

மாமா: இருப்பதில் ஒரு பங்கு கொடுத்ததல்லவா? அதற்கும் விருந்தோம்பல் தெரிந்திருக்கிறது.

(கடப்பாரைப் படி வந்துவிடுகிறது.)

மாப்பிள்ளை: இதையா பாதை என்கிறீர்கள்? செங்குத்தான பாறையில் கடப்பாரைகளை அடித்துச் செருகி, பக்கத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்!

மாமா: (வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு) கோத்த கையை விடாமல் மெல்ல மெல்லக் கடந்து போங்கள் என்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. கையைக் கொடுங்கள்.

மாப்பிள்ளை: ஒரு கை சங்கிலியில், ஒரு கை உங்களிடம், கண்ணில் இறங்கும் வியர்வையை எந்தக் கையால் துடைப்பது? மாமா, கீழே பார்க்கலாமா?

மாமா: கூடாது.

மாப்பிள்ளை: பார்த்துவிட்டேன். நம் கார் கேழ்வரகு அளவுக்குத் தெரிகிறது.

மாமா: நம் கார் வெள்ளை நிறம். நீங்கள் யாருடைய காரையோ பார்த்துப் பயப்படுகிறீர்கள்.

(உச்சி. மல்லிகார்ச்சுனரைக் கும்பிட்டுவிட்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து உட்காருகிறார்கள். மாப்பிள்ளை வெகுநேரம் வாய் திறக்கவில்லை.)

மாமா: ஏன் பேச்சையே காணோம்?

மாப்பிள்ளை: அங்கே பாருங்கள், ஜவ்வாது மலை மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. ஏரிகளெல்லாம் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகள் மாதிரி வெயிலில் மின்னுகின்றன. ஒன்று சொல்கிறேன், என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்: வந்தது நல்லதுதான்.

மாமா: நல்லது. இப்போது என் முழங்கால் பேசத் தொடங்கியிருக்கிறது.

மாப்பிள்ளை: என்ன சொல்கிறது?

மாமா: மதியச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர முடியாது என்கிறது.

(இறங்கும் வழி. மாமா மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். வியர்வை சொட்ட ஏறி வரும் இளைஞர் ஒருவர் நின்று, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்.)

மாமா: நீங்களே சொல்லுங்கள், மாப்பிள்ளை. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தர் நீங்கள்தானே?

மாப்பிள்ளை: (தொண்டையைச் செருமிக்கொண்டு) தம்பி, கடப்பாரைப் படியில் பிடித்த கையை விடாதீர்கள், கீழே பார்த்தாலும், உங்கள் கார் எது என்று தேடாதீர்கள். தூக்குவாளி இருந்தால் பைக்குள் மறைத்துவிடுங்கள். வழியில் ஒரு குரங்கு இருக்கிறது. எங்கள் வீட்டுப் புளிச்சோறு அதற்கு மிகவும் பிடித்துவிட்டது. அதன் கண்ணை மட்டும் நேராகப் பார்த்துவிடாதீர்கள்.