நாற்காலிக்கு வாடகை, விசாவுக்கு வேட்டு

பிரிட்டனில் மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் படிக்கும் ஒருவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரத்திற்கு 20 மணி நேரம் வரை ஊழியராக வேலை பார்க்கலாம். ஆனால் சுயதொழில் ஒரு மணி நேரம்கூடச் செய்யக் கூடாது. விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், கத்திரி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேலை கேட்டு வந்து நின்றால், "நாற்காலியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, அதற்கு நீங்கள்தான் முதலாளி" என்று வாய் கூசாமல் சொல்லும் சலூன்காரர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

என் உறவுக்காரப் பையனிடம் கையெழுத்து வாங்கிய தாளில் 'சுயதொழில் செய்பவர்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் அவன் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது முதலாளியின் வாட்ஸ்அப் செய்தியில் வருகிறது. கட்டணப் பலகையை எழுதுபவர் முதலாளி. கார்டு இயந்திரத்தில் விழும் பணம் நேராக முதலாளியின் கணக்குக்குப் போய், அவருக்கான பங்கைக் கழித்துக்கொண்டு சனிக்கிழமை இரவில் மிச்சம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை விடுப்புக்கும் அவரிடமே கெஞ்ச வேண்டும். இதில் எந்த இடத்தில் ஐயா அவன் முதலாளி?

இந்த நாடகத்தின் லாபம் யாருக்கு என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும், ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தர வேண்டும், 2025 ஏப்ரலில் 15 சதவீதமாக உயர்ந்துவிட்ட தேசியக் காப்பீட்டுப் பங்கையும் கட்ட வேண்டும். அதோடு, ஒவ்வொரு நாற்காலியின் வருமானமும் தனித்தனி ஆளுடையது என்று காட்டிவிட்டால் கடையின் விற்றுமுதல் 90,000 பவுண்டைத் தாண்டாது; மதிப்புக் கூட்டு வரியின் தொல்லையும் தீர்ந்தது.

பையனுக்கு மிஞ்சுவது என்ன? 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, விசா நிபந்தனை தடுக்கும் வேலையைத் தெரிந்தே செய்வது குற்றம். அதில் சம்பாதித்த பணத்தையும் பறிமுதல் செய்யலாம். அனுமதி இல்லாதவரை ஊழியராக வைத்திருந்தால் முதலாளிக்கும் முதல் முறை பிடிபட்டாலே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் உண்டுதான். ஆனால் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் கடமை ஊழியர்களை மட்டுமே குறிவைத்து எழுதப்பட்டதால், 'அவர் என் ஊழியரே அல்ல' என்ற ஒரு வரியில் நழுவப் பார்க்கிறார்கள். அந்த ஓட்டையை அடைப்பதாக அரசு அறிவித்ததே 2025 மார்ச்சில்தான். அத்தனை ஆண்டுகளாக அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரியவில்லை.

உண்மையில் என்னைக் கொதிக்க வைப்பது இதுதான்: அதே நாற்காலியில், அதே 20 மணி நேரத்திற்கு, முறையான சம்பளச் சீட்டுடன் அவனை வேலைக்கு வைத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. சட்டத்துக்கு உட்பட்டு நடக்கக்கூடிய வேலையை, நாலு காசு மிச்சம் பிடிப்பதற்காக, அவன் படிப்பையே காவு கேட்கும் வேலையாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, "யூடிஆர் எண் வாங்கிவிட்டாயா, பிறகென்ன பயம்?" என்று தைரியம் சொல்லும் அண்ணன்மார்கள் வேறு. அது வரி கட்டுவதற்கான எண் மட்டுமே, வேலை செய்யும் அனுமதி அல்ல. வரியை ஒழுங்காகக் கட்டினாலும் நிபந்தனை மீறல் மீறல்தான். சம்பளச் சீட்டு கேட்டுப் பார்த்தவனிடம், அப்படியானால் வேறு கடை பார்த்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.