சீன் போட்டோமாம்

நேற்று அந்தப் பதிவையும் அதற்குக் கீழே விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "கொரோனா டைம்ல மாசமா இருந்தவங்க போட்ட சீன் இருக்கே!" கோபம் வந்தது எழுதியது ஆண் என்பதால் இல்லை. சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

2021 மே 1 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் தடுப்பூசி என்றார்கள். கர்ப்பிணிகளுக்குக் கிடையாது. தடுப்பூசியின் முதல் பரிசோதனைகளில் எங்களைச் சேர்க்கவே இல்லை. நோய் முற்றும் ஆபத்து மட்டும் எங்களுக்கு அதிகம் என்றார்கள். அனுமதி வந்தது ஜூலை 2. எனக்கு டாக்டர் குறித்த தேதி ஜூலை 9. இரண்டாம் அலை முழுவதையும் ஊசி இல்லாமல் கடந்தவள் பயப்படாமல் என்ன செய்வாள்?

ஸ்கேனுக்குத் துணை ஆள் விடவில்லை. வீட்டுக்காரர் ரோட்டில் நின்றார். உள்ளே ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்தபடி அரை நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "அடுத்தவங்களை வரச் சொல்லுங்க." அவ்வளவுதான். மதியம் சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, குழந்தை அசைய அசைய ஒரு டம்ளரில் புளியங்கொட்டை போடுவேன். பத்து விழவேண்டும். ஒரு நாள் ஆறிலேயே நின்றுவிட்டது. ஏழாவது கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தது எனக்குத்தான் தெரியும். இது சீன் இல்லை.

"அந்தக் காலத்தில் பத்துப் பெத்தாங்களே" என்று வருவீர்கள். என் ஆச்சி ஒன்பது பெற்றாள். தங்கியது ஐந்து. மீதி நான்கைப் பற்றி அவள் பேசியதே இல்லை. பேசாததைத்தான் நீங்கள் தைரியம் என்கிறீர்கள்.

"கர்ப்பிணி நர்ஸுகள் வேலைக்குப் போகலையா?" போனார்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பயமே இல்லை என்று உங்களிடம் வந்து சொன்னார்களா? டிவியை அணைத்திருக்கலாம் என்கிறீர்களா, அது நியாயம்தான். அணைத்திருக்கலாம்.

ஜூனில் வளைகாப்பு. பஸ் ஓடவில்லை. அறுபதைத் தாண்டிய அம்மாவைத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயிலேற்ற யாருக்கும் மனசு வரவில்லை. வீடியோ காலில் சொந்தமெல்லாம் பார்க்க, வீட்டுக்காரரே வளையல் போட்டுவிட்டார். வீங்கின கை. அளவு தெரியாமல் அழுத்தியதில் இரண்டு உடைந்தன. "அபசகுனம்லாம் இல்லட்டி" என்றாள் அம்மா. ஐந்து தடவை சொன்னாள். ஒரு தடவையோடு விட்டிருந்தால் நம்பியிருப்பேன்.

நேற்றைய சிரிப்பு எமோஜிகளில் ஒன்று என் சித்தி மகனுடையது. அன்றைக்கு அந்த வீடியோ காலில் அவனும் இருந்தான்.