ஒளிரும் ஜெல் டவர் கதிர்வீச்சைக் காட்டாது

கதிர்வீச்சைக் காட்டும் ஒளிரும் ஜெல் ஒன்றைப் பற்றி, "இந்த ஜெல்லை போன் உறையில் பூசினால் டவர் கதிர்வீச்சு பட்டதும் மின்னும், கெய்கர் கருவியே (கதிர்வீச்சை எண்ணும் கருவி) வேண்டாம்" என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். இரண்டுமே தப்பு.

மூலக்கூறுகள் தாமாகவே கோத்துக்கொண்டு இழைகளாகி உண்டாகும் ஜெல் இது. கரைப்பான் குளோரோஃபார்ம் மாதிரி குளோரின் உள்ளதாக இருந்தால், காமா கதிர் (அணுக்கருவிலிருந்து வரும் ஆற்றல் மிகுந்த கதிர்) அதை உடைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அமிலம் மூலக்கூறில் ஒட்டினால் ஒளிர்வின் நிறம் மாறும், அல்லது மங்கும். அதுவும் தானாக மின்னாது. புற ஊதா விளக்கைப் பிடித்துத்தான் பார்க்கணும்.

காமா போல ஒரு மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஏறக்குறைய 10 எலக்ட்ரான் வோல்ட் (மிகச் சிறிய ஆற்றல் அலகு) வேண்டும். 2 கிகாஹெர்ட்ஸ் போன் அலையின் ஒரு ஃபோட்டானில் (அலையின் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலம்) 1 எலக்ட்ரான் வோல்ட்டின் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எத்தனை டவர் வைத்தாலும் ஜெல் அசையாது.

கெய்கர் கருவி துகள் வந்த கணமே 'டிக்' என்று எண்ணும். ஜெல் மொத்தமாகச் சேர்ந்த அளவைத்தான் சொல்லும், அதுவும் பெரிய அளவாக இருந்தால். இயற்கையிலிருந்து நமக்குக் கிடைப்பது உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடலுக்கான கதிர்வீச்சு அளவின் அலகு). புற்றுநோய்க் கதிர்சிகிச்சையில் கட்டிக்கு ஒரே நாளில் வழக்கமாக 2 கிரே (பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலின் அலகு), காமாவில் அது 2000 மில்லிசீவர்ட்! ஊசி, கையுறைகளைக் கிருமிநீக்க வழக்கமாக 25 கிலோகிரே. இந்த மாதிரி ஜெல்களுக்கு வேலை அந்தப் பெரிய அளவுகளின் பக்கம்தான், போன் உறையில் இல்லை.