ஒரு நாழிகை ஒரு மணி நேரமா?

"மணி என்பதைத்தான் முன்னோர் நாழிகை என்றார்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. ஒரு நாளுக்கு 60 நாழிகை; ஆக ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை நாழிகை.

சந்தேகமிருந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். திதி, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நாழிகை, விநாடி என இரண்டு எண்கள் இருக்கும். அவை நள்ளிரவிலிருந்து அல்ல, சூரிய உதயத்திலிருந்து எண்ணப்படுபவை. உதயம் 6 மணி என்றால் 10 நாழிகை என்பது காலை 10 மணி. (இந்தப் பொருத்தம்தான் குழப்புகிறதோ என்னவோ! 20 நாழிகையைப் பாருங்கள், மதியம் 2 மணி.) அப்புறம், அந்த விநாடியும் கடிகார விநாடி இல்லை, நாழிகையில் அறுபதில் ஒன்று, அதாவது 24 நொடி. முகூர்த்தம் மூன்றேமுக்கால் நாழிகை, ஒன்றரை மணி நேரம். ராகுகாலக் கணக்கும் இதுவே.