ஒரு நட்சத்திரம் கொடுத்த நல்லவர்களுக்கு

விஷயம் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு வாரமாக இங்கே வேறு பேச்சே இல்லை. எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்புவரை ஏற்றிக் காட்டவில்லை என்பதற்காக, எங்களை இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள புரோமோ எரிமலைக்கு அழைத்துப்போன வழிகாட்டிப் பையனுக்கு நம் ஊர்க்காரர்கள் இணையத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ‘சோம்பேறி, ஏமாற்றுக்காரன், பணத்தைத் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். அதோடு விட்டார்களா? அந்த இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, எல்லோரும் போய் ஒரு நட்சத்திரம் போடுங்கள் என்று அழைப்பும் விடுத்திருக்கிறார்கள். புரோமோ எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஓசூர்க்காரர்களும் பாப்பாரப்பட்டிக்காரர்களும் இன்று அவனுடைய தொழிலுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பயணத்தில் நானும் இருந்தேன். அதனால் பேசுகிறேன். வழிகாட்டி ‘வேண்டாம்’ என்று சொன்னால் வேண்டாம்தான். நாம் கொடுக்கும் பணத்தில் பாதி அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் சுற்றும் கதையில் பாதியைக் காணோம். நள்ளிரவில் சுரபயா நகரிலிருந்து புறப்பட்டோம். மலையடியில் பழைய ஜீப்புக்கு மாறி, குளிரில் பல் கிட்டிக்கப் பெனஞ்சாகன் மேட்டில் சூரிய உதயம் பார்த்தோம். கீழே புரோமோ, பின்னால் ஜாவாவின் மிக உயரமான மலையான செமேரு. படம் எடுத்துத் தள்ளினோம். அதுவரை அந்தப் பையன் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. ‘தம்பி, தம்பி’ என்று தோளில் கைபோட்டு அவனோடு செல்ஃபி எடுத்தவர்களும் இதே ஆட்கள்தான்.

பிறகு ஜீப்பில் மணற்கடலைக் கடந்தோம். சாம்பல் நிற மணல் கண்ணுக்கு எட்டியமட்டும் கிடக்கிறது, நடுவில் அந்த மலைப்பகுதியில் வாழும் தெங்கர் மக்களின் இந்துக் கோயில் ஒன்று தனியாக நிற்கிறது. அங்கிருந்து நடை, முடியாதவர்களுக்குக் குதிரை. கடைசியில் விளிம்புக்கு ஏறுவதற்குச் சுமார் 250 படிகள். படிக்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அவன் நின்றுவிட்டான். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, நெஞ்சு உயரத்தில் வைத்து விரல்களைத் தளர்த்தினான். தூள் நேராக விழவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்து வந்தது. இன்னொரு பிடி, அதுவும் அப்படியே. பள்ளத்துப் புகை படிக்கட்டின் மேலேயே கவிழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. கந்தக நெடி தொண்டையைப் பிடித்தது, எங்களில் இருவர் இருமத் தொடங்கியிருந்தார்கள், அதில் ஒருவர் பையில் இன்ஹேலர் வைத்திருப்பவர். “இன்று மேலே வேண்டாம். காற்று சரியில்லை. இங்கிருந்தே பாருங்கள்” என்றான். அவன் செய்த குற்றம் முழுவதும் இவ்வளவுதான்.

அங்கேயே சண்டை பிடித்துவிட்டார்கள். “அவர்கள் போகிறார்களே!” உண்மைதான், வேறு கூட்டங்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. அவன் சொன்னான்: “அவர்களுக்கு அவர்களுடைய வழிகாட்டி பொறுப்பு. உங்களுக்கு நான் பொறுப்பு.” எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. நம்மவர்களுக்கு அது திமிராகப் பட்டிருக்கிறது.

சரி, உங்கள் வாதங்களுக்கு வருகிறேன்.

‘மற்றவர்கள் ஏறினார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே?’ ஆகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். நியூசிலாந்தின் ஒயிட் தீவு எரிமலையிலும் அப்படித்தான், படகில் ஏற்றி, தலைக்கவசமும் வாயு முகமூடியும் கொடுத்து, பள்ளம்வரை நடத்திக் காட்டி, மாலைக்குள் கரை சேர்க்கும் ஒருநாள் சுற்றுலா ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் போய்வந்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 2019 நவம்பரில் எச்சரிக்கை அளவை ஒன்றிலிருந்து இரண்டுக்கு உயர்த்தினார்கள். சுற்றுலா நிற்கவில்லை, அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. டிசம்பர் 9 பிற்பகலில் வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 22 பேர். மிச்சமிருந்த 25 பேரும் காயம்பட்டவர்கள். சும்மா தப்பித்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

எரிமலை என்றால் சினிமாவில் காட்டுவதுபோல் சிவப்புக் குழம்பு மெல்ல வழிந்து வரும், நாம் பின்னால் நகர்ந்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீராவி. பாறைக்குள் அடைபட்ட தண்ணீர் சூடேறி, ஒரு கணத்தில் ஆவியாகும்போது சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைப் பாறையை உடைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். குழம்பு மேலே வர வேண்டிய அவசியமே இல்லை. அதனால் கருவிகளும் பல நேரம் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜப்பானின் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று வெடித்தபோது எச்சரிக்கை மிகக் குறைந்த அளவில்தான் இருந்தது. இலையுதிர் காலம், சனிக்கிழமை, நண்பகல், மலை நிறைய ஆட்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர்.

இந்தோனேசியாவுக்கே வாருங்கள். சுமத்ராவின் மராபி மலையில் உச்சியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்று எரிமலைத் துறையின் பரிந்துரை இருந்தது. மலையேறிகளுக்கு அனுமதி என்னவோ கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. 2023 டிசம்பர் 3 அன்று மலை வெடித்து 24 பேர் இறந்தார்கள். நாம் நின்ற அதே புரோமோவில் 2004-இல் கல் தெறித்து இருவர் இறந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நான் ஊர் திரும்பிய பிறகு தேடிப் பிடிக்கவில்லை. போவதற்கு முன்பே படித்து, இதே குழுவில் பகிர்ந்திருந்தேன். ‘அக்கா எப்போதும் அபசகுனம்தான்’ என்று ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். ஒரு நட்சத்திரத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான்.

‘அவ்வளவு ஆபத்து என்றால் எதற்குக் கூட்டிப்போகிறார்கள்?’ நியாயமான கேள்விபோல் இருக்கிறது. நாம் கேட்டோம், அவர்கள் கூட்டிப்போனார்கள். இதற்கு மேல் பேசினால் அடுத்த கேள்வி நம்மைப் பார்த்து வரும், அதனால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

‘வழிகாட்டிகள் மட்டும் தவறே செய்ய மாட்டார்களா?’ செய்வார்கள். ஒயிட் தீவில் இறந்த 22 பேரில் இருவர் வழிகாட்டிகள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்கள் ‘போகலாம்’ என்று சொன்ன நாளில்தான் செத்தார்கள். ‘வேண்டாம்’ என்று சொன்ன வழிகாட்டியால் யார் செத்திருக்கிறார்கள்? புகைப்படம்தான் செத்திருக்கும்.

இன்னொருவர் மெனக்கெட்டு யூடியூப் காணொளி தேடி எடுத்து வந்திருக்கிறார். கசாடா விழாவில் தெங்கர் மக்கள் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி நிற்கிறார்களாம், மேலிருந்து வீசும் காணிக்கைக் காய்கறியையும் கோழியையும் வலை கட்டிப் பிடிக்கிறார்களாம், அவர்களுக்கு ஆகாதது நமக்கு ஆகிவிடுமா என்கிறார். ஐயா, அது அவர்கள் மலை, அவர்கள் சாமி. காலையில் கண் விழித்ததும் அவர்கள் பார்ப்பது அந்தப் புகையைத்தான். நாம் பென்னாகரம் ரோட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் பெங்களூரில் விமானம் ஏறியவர்கள். இதே புரோமோவில்தான் 2023 செப்டம்பரில் திருமணப் படப்பிடிப்புக்கு வந்த ஒரு கூட்டம் புகைக்குச்சியைக் கொளுத்தி, காய்ந்த புல்வெளி பற்றி, மலைச்சரிவு நாள்கணக்கில் எரிந்தது. நல்ல படம் வர வேண்டுமாம். மலைக்கு யாரால் ஆபத்து என்று தெங்கர்காரர்கள் கேட்டால் நாம் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

‘நம் கிருஷ்ணகிரியில் இல்லாத கல்லா, இதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டுமா’ என்று கேட்டவருக்கு மட்டும் எனக்குக் கோபம் இல்லை. ஒகேனக்கல் பக்கமும் சாமல்பட்டிப் பக்கமும் கார்பனடைட் என்ற பாறை இருக்கிறது. ஒகேனக்கல் பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதுவும் உருகிய குழம்புதான். இன்று உலகத்தில் அந்த வகைக் குழம்பைக் கக்கும் எரிமலை தான்சானியாவில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஆக, நீங்கள் சொல்வது சரி, நம் ஊர்க் கல் லேசுப்பட்டது அல்ல. ஆறிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ஒகேனக்கல் பேச்சு வந்துவிட்டதால் சொல்லியே ஆக வேண்டும்.

என் அப்பா ஒகேனக்கலை ஒட்டிய ஊட்டமலையில் பரிசல் ஓட்டியவர். நான் இதை ஒருபோதும் மறைத்ததில்லை. மழைக்காலத்தில் ஒருநாள். தடை உத்தரவு எதுவும் இன்னும் வரவில்லை. அப்பா துறையில் இறங்கிக் கையளவு தண்ணீரை அள்ளிப் பார்த்தார். செம்மண் கலங்கல், அதில் நுரையும் சருகும். மேலே எங்கோ நல்ல மழை. பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டார். அந்நேரம் வேனில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்றார் வேன்காரர். அப்பா மாட்டேன் என்றார். ‘பயந்தாங்கொள்ளி’ என்று தொடங்கி, பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தைவரை போனார் அந்த மனிதர். வேறொருவர் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார்.

கதை எங்கே போகிறது என்று எதிர்பார்க்கிறீர்கள்? பரிசல் கவிழ்ந்தது, ஐயோ பரிசல்காரர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று அழுதார்கள் என்றா? இல்லை. பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். வரும்போது எங்கள் பக்கம் பார்த்துக் கைதட்டிச் சிரித்தார்கள். அன்று எங்கள் வீட்டில் வருமானம் இல்லை.

அதனால் அப்பா சொன்னது தவறாகிவிடுமா? கலங்கலையும் நுரையையும் பார்த்தவருக்கு அந்த நேரத்தில் என்ன தெரிந்ததோ அதை வைத்துத்தான் முடிவு எடுக்க முடியும். சாயங்காலம் என்ன ஆகும் என்பதை வைத்து அல்ல. இப்போது உயிர்க்கவச உடை வந்துவிட்டது, பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று செய்தியில் சொல்லிவிடுகிறார்கள், தண்ணீர் ஏறினால் மாவட்ட நிர்வாகமே பரிசலுக்குத் தடை போடுகிறது. தடை போட்ட நாளிலும் துறையில் போய் நின்று ‘அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம்’ என்று பரிசல்காரர்களிடம் மல்லுக்கட்டும் கூட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி இதே முகநூலில் ‘வெளியூர்க்காரர்களுக்கு அறிவே இல்லை’ என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தான் ஜாவாவுக்குப் போனதும் வெளியூர்க்காரர்களாகி அதையே செய்தார்கள்.

இதையெல்லாம் குழுவில் மரியாதையாகத்தான் சொன்னேன். ‘அண்ணா, அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள், அவன் பிழைப்பு அது’ என்று எழுதினேன். அதற்கு வந்த குரல் பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. ‘பரிசல்காரர் வீட்டுப் பிள்ளைதானே, கூலிக்காரன் பக்கம்தான் பேசும்.’ பின்னணியில் இருவர் சிரிக்கிறார்கள். யார் யார் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். ஒருவர் என் கையால் சாப்பிட்டவர். பதில் சொல்வதற்குள் என்னைக் குழுவிலிருந்து நீக்கியும் விட்டார்கள்.

நீக்கியதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. ஆமாம், கூலிக்காரன் பக்கம்தான் பேசுவேன். அவனுக்கு நம்மை விளிம்புக்கு ஏற்றிவிட்டிருந்தால் ஐந்து நட்சத்திரம், கை நிறைய அன்பளிப்பு, ‘தம்பி’ என்ற பட்டம் எல்லாம் கிடைத்திருக்கும். இன்ஹேலர் வைத்திருந்தவருக்குப் பாதிப் படியில் மூச்சு முட்டியிருந்தால் அதே அண்ணன்கள் ‘பொறுப்பில்லாதவன்’ என்று ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவன்தான் குற்றவாளி. கந்தக வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்திலும் சரிவிலும் இறங்கித் தேங்கும், ஆஸ்துமாக்காரரை முதலில் பிடிக்கும் என்பதெல்லாம் அவன் அன்று சொன்னதுதான். கேட்டுக்கொண்டிருந்தது நானும் அந்த இன்ஹேலர்காரரும் மட்டும். அவரும் இப்போது வாய் திறக்கவில்லை. அவர் சங்கடம் அவருக்கு.

‘இவ்வளவு பேசுகிறவர் ஏன் போனார், வீட்டில் இருக்க வேண்டியதுதானே’ என்று ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். போவேன். மறுபடியும் போவேன். அடுத்த முறை படிக்கட்டின் அடியிலேயே திருப்பி அனுப்பினாலும் போவேன். எரிமலை பார்க்க எனக்கு ஆசை, அதை யாரிடமும் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, காற்று, மணல், இருமல் எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிட்டேன். நூறு ஒற்றை நட்சத்திரங்களுக்கு நடுவே அது எங்கே தெரியும் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியும்.

கடைசியாக ஒரு கணக்கு விஷயம், குழுவில் கேட்க வழி இல்லாததால் இங்கே கேட்கிறேன். வழிகாட்டிக்கும் ஜீப் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு என்று சுரபயா ஓட்டலிலேயே எல்லோரிடமும் வாங்கி ஓர் உறையில் போட்டீர்களே, அது இருவருக்கும் போய்ச் சேரவில்லை என்று அந்தப் பையனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் பணத்தை என்ன செய்வீர்களோ செய்யுங்கள். என் பங்கை மட்டும் இன்று மாலைக்குள் என் ஜிபே எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள் அண்ணா. நான் நேராக அவர்களுக்கே அனுப்பிக்கொள்கிறேன்.